குமுளிக்குக் குடிவரலாமா?

கேள்வி இதுதான். கோவையில் ஒரு தம்பதி. இருவருக்கும் கணினி வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். மகள் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். நெரிசலும் வெயிலும் போதும், குமுளியில் ஒரு வீடு வாங்கிக் குடியேறலாமா, அந்த மாதிரி சின்ன மலை ஊரில் இருப்பதில் நல்லது என்ன, கெட்டது என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் குமுளிக்காரன். எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். சொந்தபந்தத்தில் பாதி கம்பத்தில் இருக்கிறது, பாதி இங்கே. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருவர் மட்டும் என்றால் தாராளமாக வாருங்கள். அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த வருஷமே வருவதென்றால் வேண்டாம். யார் வந்தாலும் சரி, எடுத்த எடுப்பில் இடம் வாங்காதீர்கள்.

மலை ஊர் ஒருவருக்கு ஒத்துவருமா என்பதைக் குளிரும் பனிமூட்டமும் முடிவு செய்வதில்லை. வீட்டில் யார், எதற்காக, எத்தனை தடவை மலை இறங்க வேண்டியிருக்கும் என்பதுதான் முடிவு செய்கிறது. வாரம் ஒருமுறை காய்கறிக்கும் துணிமணிக்கும் இறங்குகிறவர்களுக்கு இந்த ஊர் சொர்க்கம். நடுராத்திரியில் அவசரமாக இறங்க வேண்டியவர்களுக்கு இதே ஊர் பயம் தரும். இங்கே சந்தோஷமாக இருக்கிறவர்களையும், இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டியவர்களையும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஊரின் இருப்பிடத்தைத் தெரிந்துகொண்டால் மற்றது விளங்கும். குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில், இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவில் இருக்கிறது. கடைத்தெரு முடியும் இடத்தில் எல்லை. தமிழ்நாட்டுப் பேருந்து அந்தப் பக்கமே நின்றுவிடும், இறங்கி நடந்து வந்தால் கேரளா. கீழே மலைப்பாதை முடிகிற இடம் லோயர் கேம்ப், அப்புறம் கூடலூர், கம்பம். கம்பம் சுமார் 23 கிலோமீட்டர், தேனி 60, மதுரை 135. கேரளப் பக்கம் கட்டப்பனை 30 கிலோமீட்டர், கோட்டயம் 110. இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதையே கிடையாது. ஆனால் தேனிக்கு 2022-ல் அகல ரயில் வந்தது, 2023 ஜூனில் அது போடி வரை நீண்டது, சென்னைக்கும் அங்கிருந்து ரயில் இருக்கிறது. வெளியூர் வேலைக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்.

இந்த இருப்பிடம்தான் குமுளியின் பெரிய பலம். மலையில் இருந்துகொண்டே பள்ளத்தாக்கின் விலையில் சாப்பிடலாம். கம்பம், சின்னமனூர் காய்கறி காலையிலேயே மேலே ஏறிவிடும். கம்பம் பன்னீர் திராட்சை, வாழைத்தார், கூடலூர்ப் பக்கத்துத் தேங்காய் எல்லாம் அப்படித்தான். ஏலக்காய், மிளகு, காப்பி இங்கேயே விளைகிறது. கேரளத்தின் உட்பகுதி மலை ஊர்களில் கத்தரிக்காய்க்குக் கொடுக்கிற விலையை இங்கே கொடுக்க வேண்டியதில்லை. கடையில், ஆட்டோவில், வங்கியில், பஞ்சாயத்து அலுவலகத்தில் தமிழ் பேசினால் தமிழில் பதில் வரும். எழுத்து வேலை மட்டும் மலையாளத்தில் நடக்கும், அதற்கு ஒருவர் துணை வேண்டும். பொங்கலுக்கு இடுக்கியில் உள்ளூர் விடுமுறை உண்டு. ஓணத்துக்கு வாழையிலைச் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வரும். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் திறப்பார்கள். காட்டுக்குள் ஜீப்பில் போகிறவர்கள் குமுளியிலிருந்தும், நடந்து ஏறுகிறவர்கள் கூடலூர்ப் பக்கம் பளியங்குடியிலிருந்தும் கிளம்புவார்கள். இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட அதிகாரிகளும் சேர்ந்து அதை நடத்துவதைப் பார்த்தால் இந்த ஊரின் குணம் தெரிந்துவிடும்.

இன்னொரு காட்சியையும் பார்க்க வேண்டும். பறிப்புக் காலத்தில் காலை ஏழு மணிக்கு எல்லைப் பக்கம் போய் நில்லுங்கள். கம்பம், கூடலூர், சுற்றுக் கிராமங்களிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் வந்துகொண்டிருப்பார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குவாளி. அவர்கள் விடியுமுன் சோறாக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். “மலைக்குப் போறோம்” என்றால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறார்கள் என்று அர்த்தம். ஏலச்செடியில் காய் ஒரே தடவையில் பழுக்காது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று ஆடி ஆவணியில் ஆரம்பித்து தை மாசி வரை பறிப்பு ஓடும். மழையில் குனிந்து, செடியின் தூரில் கையை விட்டு ஒவ்வொரு காயாகக் கிள்ளி எடுக்க வேண்டும். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கிப் போவார்கள். குமுளியின் கடைகள், வாடகை, கல்யாண மண்டபம் அத்தனையும் இந்தப் பெண்களின் உழைப்பின் மேல் நிற்கிறது. இங்கே குடிவருகிறவர்கள் காற்றையும் பச்சையையும் பார்க்கிற அளவுக்கு அவர்களையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஏலக்காய் விலைதான் ஊரின் நாடித்துடிப்பு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே போனது. விலை ஏறினால் புது வண்டி, புது வீடு, கடையில் கூட்டம். இறங்கினால் கடன் நோட்டு தடிக்கும், வாடகைக்கு விட்ட கடைகள் பூட்டிக் கிடக்கும். உங்கள் சம்பளம் வெளியிலிருந்து வருவதால் இது உங்களை நேராகப் பாதிக்காது. ஆனால் இங்கே வந்து ஹோம்ஸ்டே வைக்கலாம், மசாலாக் கடை போடலாம் என்று எண்ணம் இருந்தால், தேக்கடிக்கு வரும் சுற்றுலாவும் 2018 வெள்ளத்தில் ஒருமுறை, 2020-ல் கொரோனாவில் ஒருமுறை அடியோடு படுத்ததை நினைவில் வையுங்கள்.

இனி மழை. டிசம்பரில் வந்து தங்கிவிட்டுப் போகிறவர்கள் பார்க்காத குமுளி ஜூனில் ஆரம்பிக்கிறது. கம்பத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மலைப்பாதை ஏறினால் சாரல். பீர்மேடு ஊர் அளவுக்குக் கொட்டாது, ஆனால் விடாது. துவைத்த துணி மூன்று நாளாகியும் ஈரமாகவே இருக்கும். பீரோவுக்குள் தோல் செருப்பு, இடுப்பு வார், கைப்பை எல்லாம் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். புத்தகங்கள் உப்பி, தாளோரம் பழுப்புப் புள்ளி விழும். வடக்குப் பார்த்த சுவரில் உள்பக்கமே கறுப்பாகப் படரும். ஆஸ்துமா, சைனஸ் இருப்பவர்களுக்கு இந்தப் பூசணம் குளிரைவிடப் பெரிய எதிரி. வீடு பார்க்கும்போது கூரையைவிட முக்கியம் தரையும் சுவரும். மேட்டை வெட்டி அதன் அடியிலேயே கட்டிய வீட்டில் பின்சுவர் எப்போதும் வேர்த்துக்கொண்டிருக்கும். அட்டை கடிப்பதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், அது பழகிவிடும்.

மரம் விழுந்து மின்சாரம் போவது மழைக்காலத்தில் சாதாரணம். இன்வெர்ட்டர் இல்லாமல் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. டவுனுக்குள் ஃபைபர் இணைப்பு கிடைக்கும். நாலு கிலோமீட்டர் தள்ளி எஸ்டேட்டுக்குள் போனால் போன் பேசவே மேட்டில் ஏற வேண்டிய இடங்கள் இருக்கின்றன. காட்சி அழகாக இருக்கிறது என்று அங்கே வீடு எடுத்துவிட்டு மீட்டிங்குக்காகத் தினமும் டவுன் காபிக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு.

இவ்வளவு மழை பெய்கிற ஊரில் மாசி, பங்குனியில் தண்ணீர் விலைக்கு வாங்குவார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். மேட்டு வீடுகளில் கிணறு வற்றிவிடும். தோட்டங்களில் படுதாக்குளம் வெட்டி, பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மழைநீரைத் தேக்குவது அதற்காகத்தான். வீட்டுக்காரரிடம் மற்ற எதைக் கேட்காவிட்டாலும் ஏப்ரலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குளிரைப் பற்றியும் பழைய நினைப்பு வேண்டாம். 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் வெயிலில் கருகின. மார்ச், ஏப்ரலில் இப்போது மின்விசிறி ஓடுகிறது. ஏசி தேவைப்படாது, அது உண்மை.

யானை, காட்டுப்பன்றி விஷயம். டவுனுக்கு நடுவில் இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை இல்லை. பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஓரங்களில் இருப்பவர்கள் இருட்டின பிறகு நடப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடித்து பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் என்ற யானை, ஒரே மாதத்தில் கம்பம் கடைத்தெருவுக்குள் நடந்து வந்ததை எல்லோரும் பார்த்தோம். கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் காடு பக்கத்தில்தான் இருக்கிறது. நான் அதிகம் பயப்படுவது தோட்டத்துப் பாம்புக்கு. இங்கே ஏலச்செடித் தூரிலும் சருகிலும் கிடக்கும் சின்னக் குழிவிரியன் கடித்தால், நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. அந்த மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்ற நாலு பாம்புகளுக்கானது. அதனால் சிறுநீரகம் பாதிக்கிறதா என்று நாள்கணக்கில் கவனிக்க வேண்டி வரும், சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும். தோட்டத்தில் இறங்கினால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் வாசல் இறங்காதீர்கள்.

மருத்துவத்துக்கு வருகிறேன், உங்கள் அப்பாவுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 900 மீட்டர் உயரம் ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாகக் கெடுதல் செய்யாது. காலை நடைக்கு நல்ல காற்று, தூசி குறைவு, மனசுக்கு அமைதி. பிரச்சினை நேரம். மறுபடி அடைப்பு வந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யக்கூடிய இடத்தில் இருந்தாக வேண்டும். குமுளியில் ஈசிஜி எடுப்பார்கள், முதல் மாத்திரைகளைக் கொடுப்பார்கள், அதோடு இறக்கிவிடுவார்கள். மதுரைக்கு என்றால் பகலில் கிளம்பினாலே மூன்று மணி நேரம் ஆகலாம். கோட்டயம் பாதையிலும் பாதி தூரம் மலைதான். ராத்திரி பனிமூட்டத்தில் ஆம்புலன்ஸ் முகப்பு விளக்கு பத்தடிக்கு மேல் காட்டாது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஓரத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இறக்குவார். எங்கள் தெருவில் ஒருவரை அப்படி இறக்கியபோது நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். லோயர் கேம்ப் விளக்கு தெரியும் வரை யாரும் பேசவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், அதன் பிறகு கம்பத்துக்கே குடிபோய்விட்டார்.

நீண்ட நாள் நோயாளிகளைப் பொறுத்தவரை கேரளப் பக்கம் இருப்பது நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். 2008-ல் பாலியேட்டிவ் கேருக்கு, அதாவது தீராத நோயாளிகளின் வலி தணிக்கும் கவனிப்புக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்த மாநிலம் இது. பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கே வந்து படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்து, புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போவார். ஆஷா என்ற சுகாதாரப் பணியாளருக்கு வார்டில் உள்ள முதியவர்களின் பெயர் தெரியும். இந்தக் கவனிப்பு பெரிய நகரத்தில் காசு கொடுத்தாலும் சுலபமாகக் கிடைக்காது. ஆக, மெதுவாக நடக்கும் நோய்க்கு இந்த ஊர் நல்லது. திடீரென்று அடிக்கும் நோய்க்கு நல்லதல்ல. உங்கள் அப்பாவின் நோய் இரண்டாவது வகை. அவர் கம்பத்திலோ தேனியிலோ ஒரு சின்ன வீட்டில் இருக்க, நீங்கள் மேலே இருப்பது நடக்கக்கூடிய ஏற்பாடு. நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன. வெயில் காலத்தில் அவர் மேலே வரலாம்.

மகளின் படிப்பு. எட்டாம் வகுப்பு முடிந்து மாநிலம் மாற்றுவது மோசமான நேரம். கேரளப் பாடத்திட்டத்தின் தரம் நல்லது, ஆசிரியர்கள் நல்லவர்கள், சந்தேகமே இல்லை. பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளும் உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பு வரை பள்ளிகளில் மலையாளம் கற்பிக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. புதிதாக வருகிற பிள்ளை ஒன்பதாவதில் உட்கார்ந்து அ, ஆ கற்பது கஷ்டம். அதைவிடப் பெரிய விஷயம், தமிழ்நாட்டில் எட்டு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு பொறியியல் சேர்க்கையில் இருப்பிடச் சான்று தொல்லை இல்லை. வெளியே படித்தால் ஒவ்வொரு கவுன்சிலிங்கிலும் அதை நிரூபிக்க வேண்டும். சாதிச் சான்றிதழையும் யோசியுங்கள். ஒரு மாநிலத்தில் கிடைக்கும் எஸ்சி, எஸ்டி, ஓபிசி சலுகை குடிபெயர்ந்தவர்களுக்கு அடுத்த மாநிலத்தில் தானாக வராது. தலைமுறைகளாக இங்கேயே தேயிலை பறித்த குடும்பங்களின் பிள்ளைகளிடமே 1950-க்கு முன் வந்த ஆதாரத்தைக் கேட்டு அலைக்கழிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நடப்பது பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன். கம்பம், கூடலூர்ப் பள்ளிகளுக்குத் தினமும் மலை இறங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காலையில் ஆறரைக்குக் கிளம்ப வேண்டும், வளைவில் பலருக்கு வாந்தி வரும். மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும்.

நிலம் வாங்குவதில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் சிக்குகிறார்கள். இடுக்கியில் பெரும்பகுதி பட்டா, 1964 நில ஒதுக்கீட்டு விதிகளின்படி விவசாயத்துக்கும் வீட்டுக்கும் என்று கொடுத்தது. அதில் ரிசார்ட் கட்டினால் சட்டச் சிக்கல். பல வருஷம் வழக்கும் ஹர்த்தாலும் நடந்து, 2023-ல் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். ஏலமலைக் காப்பு நிலம் என்ற வகை தனி. அது வனமா வருவாயா என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. பெரிய எஸ்டேட்டை உடைத்துப் பத்து சென்ட், இருபது சென்டாக விற்பவர்களிடம் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். நில உச்சவரம்பிலிருந்து தோட்டம் என்பதற்காக விலக்குப் பெற்ற நிலம், தோட்டமாக இல்லாமல் போனால் விலக்கும் போய்விடும். ஆதாரம் (இங்கே பத்திரத்துக்கு அதுதான் பெயர்), கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீது, நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்டும் கைவசச் சான்று மூன்றையும் வாங்கி, பீர்மேடு தாலுகா விவகாரம் தெரிந்த உள்ளூர் வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பத்திரம் சரியாக இருந்தாலும் மண் சரியாக இருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் லயங்களின் (வரிசை வீடுகளின்) மேல் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள், அத்தனை பேரும் நம் தமிழ்க் குடும்பங்கள். 2021 அக்டோபரில் பீர்மேடு தாலுகாவிலேயே கொக்கையாறில் சரிந்தது. 2024 ஜூலையில் வயநாடு. வீட்டுக்கு மேலே மலைச்சரிவில் யாராவது புதிதாக மண் வெட்டியிருக்கிறார்களா, மழைநீர் ஓடிய பழைய ஓடையை மூடி அதன் மேல் கட்டியிருக்கிறதா, பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். தரகர் காட்டுகிற பக்கத்தில் நின்றால் இது தெரியாது, மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

எல்லை என்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றியபோது குமுளியில் தடையுத்தரவு போட்டார்கள், வண்டிகள் தாக்கப்பட்டன, பாதை அடைபட்டது, தோட்டத்துத் தமிழர்கள் பலர் பயந்து மலை இறங்கினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மறுபடி அடைத்தபோது கம்பத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்க பாஸ் தேவைப்பட்டது. இவை தினமும் நடப்பதில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் மலையாளிகள், தமிழர்கள் என்று பிரிந்து நிற்பதும் இல்லை, 2011-லும் எங்கள் கடைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வைத்திருந்து காவல் காத்தவர் எதிர்வீட்டு அச்சாயன், மலையாளக் கிறிஸ்தவர்தான். ஆனால் ஒரு பாதை அடைத்தால் மறு பாதை யோசித்து வைத்திருக்கிற பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. மண் சரிந்தாலும் கம்பத்திலிருந்து ஏறும் இன்னொரு மலைப்பாதையான கம்பம்மெட்டு வழியாகச் சுற்றுவோம். ஐயப்பன் சீசனில், கார்த்திகை முதல் தை பிறக்கும் வரை, கூட்டம் ஏறினால் ஏறுகிற வண்டியைக் கம்பம்மெட்டு வழியாகவும் இறங்குகிற வண்டியைக் குமுளி வழியாகவும் விடுவார்கள். அந்த இரண்டு மாதமும் வெளியே போவதற்கு நேரம் கணக்கிட முடியாது.

சின்ன ஊர் என்பதால் உங்கள் வீட்டு விஷயம் ஊருக்குத் தெரியும். கதவு இரண்டு நாள் திறக்காவிட்டால் பால்காரர் தட்டிப் பார்ப்பார், யார் வந்தார்கள் என்றும் கேட்பார். பஞ்சாயத்தின் குப்பை சேகரிப்புக் குழுவான ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதம் ஒருமுறை பிளாஸ்டிக்கை வாங்க வருவார்கள். கழுவிக் காயவைத்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும், கட்டணமும் உண்டு. எனக்கு இது பிடிக்கும், தேக்கடி ஓரத்தில் குப்பை குறைந்ததை கண்ணால் பார்த்தேன். வண்டி விஷயம் ஒன்று: டிஎன் 60-ம் கேஎல் 37-ம் இங்கே பக்கம் பக்கமாக ஓடினாலும், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருக்கும் வண்டியைக் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும், வரியும் கட்ட வேண்டும்.

ஆகவே நீங்கள் இருவரும் முதலில் ஜூலையில் வாருங்கள். டவுனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், மேட்டை ஒட்டாத, வெயில் விழுகிற வீடாகப் பார்த்துப் பதினோரு மாத ஒப்பந்தம் போடுங்கள். அந்த ஒரு மழையும் ஒரு கோடையும் இங்கே கழியட்டும். அதற்குள் கம்பத்தில் அப்பாவுக்கு ஒரு வீடும், தேனியிலோ மதுரையிலோ அவர் கேஸைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு இதய மருத்துவரும் தயாராக இருக்க வேண்டும். வாடகை பேசும்போது தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், ஏப்ரலில் அந்தப் பேச்சு வந்தே தீரும்.